இரு கண்களின் திறப்பும் சமமாக இல்லை: எந்த இமையைச் சந்தேகிப்பது?

முகவரைவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மனித முகங்களைப் பென்சிலால் வரைந்து பழகுபவன். மருத்துவம் படித்தவன் அல்லன். முகத்தின் அகலத்தை ஐந்து சம பங்குகளாகப் பிரித்து, அவற்றில் ஒரு பங்கை ஒரு கண்ணுக்கும், இன்னொரு பங்கை இரு கண்களுக்கும் இடைப்பட்ட மூக்குப் பகுதிக்கும் ஒதுக்குவது வரைபவர்களின் வழக்கம். ஆனால் உண்மையான முகங்களைப் பார்த்து வரையத் தொடங்கிய பின், மேலிமைக்கும் கீழிமைக்கும் இடையே உள்ள திறப்பு ஒருவருக்கு நீண்டும், ஒருவருக்குக் குறுகியும், ஒருவருக்குக் கடைக்கண் மேல்நோக்கி ஏறியும், வேறொருவருக்குக் கீழ்நோக்கிச் சரிந்தும் இருப்பதைக் காண்கிறேன். இவற்றில் எவை இயல்பான வேறுபாடுகள், எவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இதைக் கேட்பதற்குச் சொந்தக் காரணங்களும் உண்டு. கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே வரைந்தபோது, வலக்கண்ணின் திறப்பு இடக்கண்ணைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பது தெரிந்தது. பழைய ஒளிப்படங்களில் இந்த வேறுபாடு இல்லை. வலியோ பார்வைக் குறைவோ இல்லை. அடுத்து, என் அக்காவின் கைக்குழந்தைக்கு மாறுகண் இருக்குமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். எனக்கோ, குழந்தையின் மூக்கோரத் தோல் கண்ணின் உள்முனையை மூடியிருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று ஐயம்.

இமைநலம் எழுதியது:

வணக்கம் நண்பரே. இமை அறுவை சிகிச்சையில் ஈடுபட்டுள்ள கண் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். இமைப்பிளவு என்று நாங்கள் குறிப்பிடும் இந்தத் திறப்பு தனியொரு உறுப்பு அன்று. இரண்டு இமைகளின் விளிம்புகளும், அவை சந்திக்கும் உள்முனையும் வெளிமுனையும், பின்னாலிருந்து அவற்றைத் தாங்கி நிற்கும் விழிக்கோளமும் சேர்ந்து உண்டாக்கும் இடைவெளியே அது. ஆகவே, அதன் அளவு மாறியிருந்தால், மாறியது இவற்றுள் எது என்பதைத் தேடித்தான் கண்டறிய வேண்டும். சிறியதாகத் தெரியும் கண்ணில்தான் கோளாறு என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்வது, இந்தத் துறையில் பயிற்சி பெறுபவர்களும் சறுக்கும் இடம்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு இந்தத் திறப்பின் நீளம் ஏறத்தாழ 18 முதல் 19 மி.மீ.; வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 28 முதல் 30 மி.மீ. நேராகப் பார்க்கும்போது வளர்ந்தவர்களின் இமைப்பிளவு 9 முதல் 11 மி.மீ. உயரம் இருக்கும். இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு இடையிலான தூரமும் 30 மி.மீ. அளவிலேயே இருப்பதால், உங்கள் ஐந்து பங்குக் கணக்கு வெறும் கற்பனை அன்று. பெரும்பாலோருக்கு வெளிமுனை உள்முனையைவிட 2 மி.மீ. அளவுக்கு உயர்ந்தே இருக்கும். மேலிமையின் விளிம்பு கருவிழியின் மேற்பகுதியை 1 முதல் 2 மி.மீ. மூடியிருக்கும், கீழிமையின் விளிம்பு கருவிழியின் அடியோரத்தைத் தொட்டாற்போல் நிற்கும். வரைபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: மேலிமை வளைவின் உச்சி சரியாக நடுவில் இல்லை, கண்மணிக்குச் சற்று மூக்குப்புறமாக இருக்கிறது, கீழிமை வளைவின் தாழ்ந்த புள்ளியோ சற்று வெளிப்புறமாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து வரைந்தால் அந்தக் கண்ணுக்குப் பொம்மைக் கண்ணின் சாயல் வந்துவிடும்.

இரண்டு முனைகளும் ஒரே மாதிரி அமைந்தவை அல்ல. வெளிமுனை கூர்மையாக, விழிக்கோளத்தை ஒட்டியபடி இருக்கும். உள்முனை வட்டமாகச் சற்று விலகி நிற்பதால் அங்கே கண்ணீர் தேங்க ஒரு சிறு குழி அமைகிறது. இளஞ்சிவப்பாகத் தெரியும் சதைத் திரளும் அங்கேதான் இருக்கிறது. முனையிலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளி, மேலிமை விளிம்பில் ஒன்றும் கீழிமை விளிம்பில் ஒன்றுமாகக் கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் நுண்துளைகள் உள்ளன.

திறப்பின் உயரத்தை முதன்மையாக முடிவு செய்வது மேலிமைதான். அதைத் தூக்குபவை இரண்டு தசைகள். கண்குழியின் ஆழத்தில் தொடங்கி முன்னோக்கி வந்து, அகன்ற தசைநாணாக விரிந்து, இமைக்குள் இருக்கும் உறுதியான தட்டிலும் இமைத் தோலிலும் பற்றிக்கொள்ளும் லிவேட்டர் தசை முதலாவது; அதை இயக்குவது மூன்றாம் கபால நரம்பு. அந்தத் தசைநாண் தோலைப் பற்றும் இடத்தில்தான் மேலிமையின் மடிப்புக் கோடு உண்டாகிறது. லிவேட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முல்லர் தசை இரண்டாவது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாகவே இயங்கும் பரிவு நரம்பின் தூண்டுதலால் அது இமையை மேலும் 2 மி.மீ. அளவுக்கு உயர்த்திப் பிடிக்கிறது. இந்தக் கணக்குத் தெரிந்தால் நோயின் இடமும் ஓரளவு பிடிபடும். மூன்றாம் நரம்பு முழுமையாகச் செயலிழந்தால் இமை கண்ணையே மூடிவிடும், அதோடு விழி கீழும் வெளியுமாகத் திரும்பி நிற்கும். பரிவு நரம்புப் பாதை பழுதுபடும் ஹார்னர் கோளாறில் மேலிமை 1 முதல் 2 மி.மீ. மட்டுமே தாழும், ஆனால் கீழிமையும் சிறிது மேலேறுவதால் கண் முழுவதும் உள்ளே அமிழ்ந்ததுபோல் தோன்றும். அந்தப் பக்கத்துக் கண்மணியும் சுருங்கியிருக்கும். முகவாதத்தைப் பற்றிப் பொதுவாக ஒரு குழப்பம் நிலவுகிறது. முகத்தின் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு, கண்ணை மூடும் வட்டத்தசைக்கு உரியதே தவிர, இமையைத் தூக்கும் தசைக்கு உரியது அன்று. ஆகவே முகவாதத்தில் இமைப்பிளவு சிறுப்பதில்லை, பெரிதாகிறது. கண் மூடாமல் போவதுதான் அங்கே தொல்லை.

நாங்கள் அளக்கும்போது மொத்த உயரத்தை மட்டும் அளப்பதில்லை. நோயாளியின் கண்ணுக்கு நேரே சிறு விளக்கைப் பிடித்தால் கருவிழியின் நடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து மேலிமை விளிம்பு வரை உள்ள தூரம் இயல்பாக 4 முதல் 5 மி.மீ.; கீழிமை விளிம்பு வரை ஏறத்தாழ 5 மி.மீ. இப்படிப் பிரித்து அளந்தால்தான், திறப்பு சிறுத்ததற்குக் காரணம் மேலிமை இறங்கியதா, கீழிமை ஏறியதா என்பது தெரியும். பின்னர் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை விளிம்பு எத்தனை மி.மீ. பயணம் செய்கிறது என்று பார்ப்போம். 12 மி.மீ.க்கு மேல் என்றால் தசை நலமாக இருக்கிறது, 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் தசையே பலவீனம். புருவத்தை அழுத்தாவிட்டால் நெற்றித் தசை இமையைத் தூக்கிக் கொடுத்துவிடும், அளவு பொய்யாகும்.

நீங்கள் சில விவரங்களைத் தெரிவித்தால் நலம். மங்கலான வெளிச்சத்தில் இரு கண்மணிகளும் ஒரே அளவில் உள்ளனவா? இடக்கண்ணில் கருவிழிக்கு மேலே வெண்பகுதி தெரிகிறதா? வலது மேலிமையின் மடிப்புக் கோடு இடப்பக்கத்தைவிட உயர்ந்திருக்கிறதா? காலையிலும் மாலையிலும் வேறுபாடு மாறுகிறதா? இரண்டாகத் தெரிவது உண்டா? காண்டாக்ட் லென்ஸ் அணிபவரா?

இணைபார்வை எழுதியது:

குழந்தைகளின் கண் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் அக்காவின் குழந்தையைப் பற்றிய உங்கள் ஊகம் பொருத்தமாகவே இருக்கக்கூடும். மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத கைக்குழந்தைகளுக்கு, மேலிமையிலிருந்து மூக்குப்புறமாக இறங்கும் ஒரு தோல் மடிப்பு உள்முனையை மறைப்பது மிகவும் சாதாரணம். இதை எபிகாந்தஸ் மடிப்பு என்பார்கள். கிழக்கு ஆசிய மக்களிடம் இது வாழ்நாள் முழுவதும் இருக்கும் இயல்பான முக அமைப்பு. மூக்குப்பக்கத்து வெண்விழி மறைந்துவிடுவதால், குறிப்பாகக் குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது, விழி உள்ளே இழுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. மூக்குத்தண்டு வளர வளர அந்தத் தோற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆனால் தோற்றம்தான் என்று வீட்டில் இருந்தபடியே முடிவு கட்டிவிடக் கூடாது. மடிப்பும் உண்மையான மாறுகண்ணும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். நேராகப் பார்க்கும் குழந்தையின் இரு கருவிழிகளிலும் விளக்கின் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்பது முதல் சோதனை. அதன்பின் ஒரு கண்ணை மறைத்து மற்றக் கண் அசைகிறதா என்று பார்ப்போம். மூக்கோரத் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்தால் மாறுகண் தோற்றம் மறைகிறது என்பதைப் பெற்றோருக்குக் காட்டுவதும் உண்டு. அதைக் கண்டபின் அவர்களுக்கு முகம் தெளியும்.

குழந்தைகளிடம் நாங்கள் உண்மையிலேயே அஞ்சுவது பிறவியிலேயே தாழ்ந்திருக்கும் மேலிமையைத்தான். இதில் லிவேட்டர் தசை சரியாக உருவாகாமல், தசைநார்களுக்குப் பதில் நார்த்திசுவும் கொழுப்புமாக இருக்கும். அத்தகைய தசையால் சுருங்கவும் முடிவதில்லை, நன்றாகத் தளரவும் முடிவதில்லை. அதனால் நேராகப் பார்க்கும்போது தாழ்ந்திருக்கும் இமை, குழந்தை கீழே பார்க்கும்போது மற்ற இமையைவிட மேலே நிற்கும். இமை கண்மணியை மறைத்தாலும், இமையின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறிச் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) ஏற்பட்டாலும், மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஏற்கப் பழகாமல் பார்வை வளர்ச்சி தடைப்படும். சோம்பல் கண் என்று சொல்லப்படுவது இதுவே. கண்மணி மறைந்திருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. மறையவில்லை என்றால் பார்வையைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டு, அளவுகளை நம்பகமாக எடுக்கக்கூடிய வயது வரை காத்திருக்கலாம். தாடையை உயர்த்தி, புருவத்தைத் தூக்கிப் பார்க்கும் குழந்தை அந்தக் கண்ணைப் பயன்படுத்த முயல்கிறது என்று பொருள். அப்படி முயன்றுகொண்டிருந்த குழந்தை அதை நிறுத்திவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

பால் குடிக்கும்போது தாழ்ந்த இமை ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் மேலே துள்ளினால், அது 1883-இல் மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் விவரித்த நிலை. தாடைத் தசைக்குச் செல்ல வேண்டிய நரம்பிழைகள் இமைத் தசைக்கும் தவறாகச் சென்றிருப்பதே காரணம்.

மரபுவழி எழுதியது:

மரபணு ஆலோசனைத் துறையிலிருந்து வடிவ வேறுபாடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடைக்கண் ஏறியிருப்பதும் இறங்கியிருப்பதும் பெரும்பாலும் குடும்பச் சாயல்தான். ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட இயலாது. பெற்றோரின் கண்களை முதலில் பாருங்கள் என்பதே எங்கள் துறையின் பாலபாடம். மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து வரும்போதுதான் இமைப்பிளவு பேசத் தொடங்குகிறது. டவுன் சிண்ட்ரோமில் கடைக்கண் மேல்நோக்கி ஏறியிருக்கும். நூனன், டிரெச்சர் காலின்ஸ் எனப்படும் மரபுவழி சிண்ட்ரோம்களில் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், பின்னதில் கீழிமையின் வெளிப்பகுதியில் ஒரு வெட்டு விழுந்ததுபோலவும் இருக்கும். கருவுற்ற காலத்தில் தாய் மது அருந்தியதால் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பில் இமைப்பிளவின் நீளம் குறைவது முக்கியமான முக அடையாளம். இதற்கு நேர்மாறாக, 1981-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த கபுக்கி சிண்ட்ரோமில் பிளவு நீண்டு, கீழிமையின் வெளிப்புற மூன்றிலொரு பகுதி சற்று வெளியே மலர்ந்திருக்கும்.

இமைப்பிளவையே மையமாகக் கொண்ட மரபு நோய் ஒன்று உண்டு: பிளெஃபரோஃபைமோசிஸ். திறப்பின் நீளம் குறைந்து, வளர்ந்தவர்களுக்கும் 20 முதல் 22 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும், மேலிமைகள் இரண்டும் தாழ்ந்திருக்கும், உள்முனைகள் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கும், தோல் மடிப்பு வழக்கமான எபிகாந்தஸ்போல் மேலிருந்து இறங்காமல், கீழிமையிலிருந்து மேல்நோக்கி எழும்பும். மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஃபாக்ஸ்எல்2 மரபணுவின் பிறழ்வே இதற்குக் காரணம் என்பது 2001-இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. யாருக்குமே இல்லாத குடும்பத்தில் புதிதாகவும் தோன்றும். இதன் ஒரு வகையில் பெண்களுக்குச் சினைப்பை இளவயதிலேயே செயல் இழக்கிறது. பிள்ளைப்பேற்றைப் பற்றிய முடிவுகளோடு தொடர்புடைய செய்தி இது. இமையைச் சீர்செய்வதோடு மருத்துவர்கள் நின்றுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு யாரும் இதைச் சொல்லாமலே போய்விடுவார்கள் என்பது என் கவலை.

கருவில் இமைகள் ஏறத்தாழ 8 முதல் 10 வாரங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஐந்தாம் மாதத்திற்குப் பிறகே படிப்படியாகப் பிரிகின்றன. அரிதாகச் சில குழந்தைகளுக்கு மெல்லிய தோல் இழைகள் இரு விளிம்புகளையும் இணைத்தபடி எஞ்சிவிடும். அவற்றை வெட்டிப் பிரிப்பது எளிது; ஆனால் வேறு பிறவிக் குறைகளும் உடன் இருக்கக்கூடும் என்பதால் குழந்தை முழுமையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும்.

முகவரைவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

மருத்துவர் ஐயா கேட்டவற்றுக்கு விடை: மங்கலான வெளிச்சத்திலும் இரு கண்மணிகளும் ஒரே அளவில் இருக்கின்றன. இடக்கண்ணில் கருவிழிக்கு மேலே வெண்பகுதி தெரியவில்லை. வலது மேலிமையின் மடிப்புக் கோடு இடப்பக்கத்தைவிட உயர்ந்தே இருக்கிறது. காலை, மாலை வேறுபாடு பெரிதாக இல்லை; இரண்டாகத் தெரிவதும் இல்லை. பல ஆண்டுகளாகக் கடினவகை காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்தபோது இடது இமை சற்றுக் கீழே இறங்கியதுபோல் தோன்றியது. அது என் கற்பனையா என்று தெரியவில்லை.

மாலைவெயில் எழுதியது:

காலை, மாலை வேறுபாட்டைப் பற்றி மருத்துவர் கேட்டதற்கான காரணத்தை நோயாளியாக அறிந்தவள் நான். எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளது. நரம்பு தரும் செய்தியைத் தசை ஏற்கும் இடத்தில் உடலின் எதிர்ப்புப் பொருள்களே குறுக்கிடும் நோய் இது. காலையில் எழும்போது இமைகள் ஒழுங்காக இருக்கும். படித்துக்கொண்டே இருந்தால் மாலைக்குள் ஒன்று இறங்கிவிடும், மறுநாள் மற்றொன்று இறங்கும். பரிசோதனையின்போது என்னை மேலேயே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள்; இமை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பிறகு மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதியை வைத்து எடுத்தபோது நன்றாகத் திறந்தது. குளிர்ச்சியில் அந்தச் செய்திப் பரிமாற்றம் மேம்படுவதே காரணம் என்று விளக்கினார்கள். உங்களுக்கு அப்படி இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் தோன்றினால் அதை இமையோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இமைநலம் எழுதியது:

விடைகள் தெளிவாக உள்ளன. நீங்கள் கண்டது கற்பனை அன்று. இரு மேலிமைகளுக்கும் மூளையிலிருந்து சமமான தூண்டுதலே செல்கிறது. இது ஹெரிங் விதி எனப்படும். ஓர் இமை தாழ்ந்தால் அதைத் தூக்குவதற்காக மூளை கூடுதல் தூண்டுதலை அனுப்ப, அது மறு இமையையும் சேர்த்து உயர்த்திவிடுகிறது. தாழ்ந்ததை விரலால் தூக்கியவுடன் அந்தக் கூடுதல் தூண்டுதல் தேவையற்றுப்போக, மறு இமை தன் உண்மையான இடத்துக்கு இறங்குகிறது. உங்கள் இடது இமையும் சிறிதளவு தாழ்ந்திருந்து, இதுவரை வலது இமையின் புண்ணியத்தில் நிமிர்ந்து நின்றிருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் சீர்செய்து, மறுநாள் மறு பக்கம் விழுந்துவிட்டது என்று நோயாளி திகைக்கும் நிலை வராமலிருக்க, அறுவைக்கு முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

உயர்ந்த மடிப்புக் கோடு, பல ஆண்டுகள் கடின லென்ஸ், சம அளவிலான கண்மணிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால், லிவேட்டரின் தசைநாண் நீண்டோ இமைத்தட்டிலிருந்து சிறிது விலகியோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முதுமையிலும், கண்புரை போன்ற அறுவைகளுக்குப் பின்னும் காணப்படுவது இதே வகை. தசை நலமாக இருப்பதால் இமையின் பயண அளவு குறைவதில்லை. பிறவித் தாழ்வில் கீழே பார்க்கும்போது இமை உயர்ந்து நிற்கும் என்று இணைபார்வை எழுதினார் அல்லவா? இங்கே அதற்கு நேர்மாறு: கீழே பார்க்கும்போது அது இன்னும் தாழ்ந்துவிடும். அதனால்தான் பலர் படிக்கும்போது மட்டும் புருவத்தை உயர்த்திக்கொள்கிறார்கள். இருந்தாலும் நேரில் அளக்காமல் இதை உறுதிப்படுத்த இயலாது. இடக்கண்ணைப் பற்றி நான் கேட்டதற்குக் காரணம் தைராய்டு நோய்: அதில் மேலிமை பின்னிழுக்கப்பட்டு ஒரு கண் பெரிதாகும்போது, நலமான மறு கண்ணைப் பார்த்துச் சிறுத்துவிட்டது என்று வருபவர்கள் உண்டு. கருவிழிக்கு மேலே வெண்பகுதி தெரியாததால் உங்களிடம் அதற்கான சாத்தியம் குறைவு.

அவசரம் இல்லை, ஆனால் ஓர் இமை திடீரென்று இறங்கி, அதோடு கண்மணி விரிந்தோ, விழி விலகி இரண்டாகத் தெரிந்தோ, கடும் தலைவலியோடோ வந்தால், மூளையின் இரத்தக்குழாய் ஒன்று புடைத்து மூன்றாம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம் என்பதால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கழுத்து வலியோடு இமை தாழ்ந்து கண்மணி சுருங்கினாலும் அப்படியே. கழுத்தின் இரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்திருக்கலாம்.

முல்லர் தசையைத் தூண்டி இமையை ஏறத்தாழ 1 மி.மீ. உயர்த்தும் ஆக்சிமெட்டாசோலின் 0.1 விழுக்காட்டுச் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. அது தாழ்ந்த இமையைச் சில மணி நேரம் உயர்த்துமே தவிர, நீண்ட தசைநாணைச் சரிசெய்யாது. ஹார்னரோ மயஸ்தீனியாவோ இல்லை என்று உறுதியாகும் முன் அதைத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. மருத்துவரிடம் செல்லும்போது, கண் மட்டத்தில் நேராக எடுத்த பழைய ஒளிப்படங்களைக் கொண்டுசெல்லுங்கள். தலை சாய்ந்த படம் பயன்படாது. அதுவரை லென்ஸைக் கழற்றும்போது கடைக்கண்ணை வெளிப்புறமாக இழுத்து இமைக்கும் பழக்கம் இருந்தால், அதை விட்டுவிட்டுச் சிறு உறிஞ்சு கருவியால் எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.